எருதும் காளையும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வந்த ‘விலங்குகளின் ஆண்பால், பெண்பால், பன்மை’ என்ற ஆங்கிலச் சொற்பட்டியலைப் பற்றி எழுதுகிறேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறாள். நான் கால்நடை ஆய்வாளராக 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். சேரும்போது தருமபுரி ஒரே மாவட்டம். 2004-ல் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் பணியாற்றியிருக்கிறேன். அந்தப் பட்டியலில் உள்ள விலங்குகளில் பாதியையாவது வாயைப் பிளந்து பிடித்து மருந்து புகட்டியிருப்பேன். அதனால் ஒரு வரி விடாமல் படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் இரண்டு இடங்களில் திருத்தம் வேண்டும். அதைச் சொல்லும் முன் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பேத்திக்கு வகுப்பில் ஒரு தேர்வு வைத்தார்கள். பசுவைக் குறிக்கும் ‘கவ்’ என்ற சொல்லின் ஆண்பால் என்ன என்பது கேள்வி. அவள் ‘புல்’ என்று எழுதியிருந்தாள். (தமிழ் எழுத்தில் எழுதினால் மாடு தின்னும் புல்லாகத் தெரிகிறது, நான் சொல்வது காளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்.) அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘ஆக்ஸ்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்த விடைக்குறிப்பில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. பேத்தி தாளை என்னிடம் கொண்டுவந்து கேட்டாள்: “தாத்தா, ஆக்ஸ் என்றால் எருதுதானே? எருது எப்படிப் பசுவுக்கு ஜோடியாகும்?”

பதினோரு வயதுப் பிள்ளை சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். எங்கள் வீட்டுக் கட்டுத்தறியில் உழவு மாடு கட்டி ஆண்டவர்களின் பிள்ளை அவள். காளைக்கன்று வளர்ந்து காளையாகிறது. உழவுக்கும் வண்டிக்கும் வேண்டும் என்றால் அதைக் காயடிக்கிறோம். அந்தக் காலத்தில் கல்லை வைத்து நசுக்குவார்கள். மாடு படும் வேதனையைப் பார்க்க முடியாது. நாங்கள் பர்டிசோ கிடுக்கி கொண்டு, தோலைக் கிழிக்காமல், உள்ளே விதைக்குப் போகும் இரத்தக் குழாய்களை நசுக்கிவிடுவோம். அதன்பிறகு அது எருது. நுகத்துக்குப் பணியும், பசுவைச் சினையாக்காது. பசுவுக்கு ஜோடி என்றால் பொலிகாளைதான். இந்த வேறுபாடு தெரியாத குடியானவன் எங்கள் மாவட்டத்தில் இல்லை.

ஆங்கிலத்திலும் இதே வேறுபாடு அப்படியே இருக்கிறது. காயடிக்காத ஆண் ‘புல்’. காயடித்து நுகத்துக்குப் பழக்கியது ‘ஆக்ஸ்’. ‘புல்லக்’ என்பதும் காயடித்த மாடுதான். இறைச்சிக்காகக் காயடித்து வளர்ப்பதற்கு ‘ஸ்டியர்’ என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ‘ஆக்ஸ்’ என்ற சொல்லை மாட்டினம் முழுவதற்கும் பொதுவாக ஆளும் வழக்கமும் ஆங்கிலத்தில் உண்டு என்பதால், ‘ஆக்ஸ் – கவ்’ என்று எழுதிய பிள்ளைக்கும் மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் ‘புல்’ என்று எழுதியதைத் தவறு என்று அடிக்க எந்த அகராதியும் இடம் தரவில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்மிடமும் இந்தச் சொல் நெகிழ்ந்துதான் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் தை மாதத்தில் நடப்பது எருது விடும் விழா. அங்கே கொம்பில் சோடனை கட்டி ஓட விடுகிறவை பெரும்பாலும் காளைகள். விழாவின் பெயரில் எருது நிற்கிறது, ஓடுவது காளை. எந்த மொழியிலும் இப்படி நடக்கும். அதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

இப்போது தங்கள் பட்டியலின் முதல் தவறுக்கு வருகிறேன். ஒரு வரியில் ஆண்பால் ‘புல்லக்’, பெண்பால் ‘ஹெஃபர்’ என்று இருக்கிறது. இந்த ஜோடியைப் பல இலக்கணக் கையேடுகளிலும் பார்த்திருக்கிறேன். ‘ஹெஃபர்’ என்றால் கிடாரி. இன்னும் கன்று ஈனாத இளம் பசு. காயடித்த எருதுக்கு ஜோடியாகக் கிடாரியை நிறுத்தினால் அந்தத் தொழுவத்தில் கன்றுச் சத்தம் கேட்கவே கேட்காது. சினை ஊசி போடும் பதிவேட்டில் நாங்கள் கிடாரியா, ஈன்ற பசுவா என்று பிரித்தே எழுதுவோம். தலை ஈற்றுக் கிடாரிக்குக் கவனம் அதிகம் வேண்டும். கன்று மாட்டிக்கொண்டால் இரவெல்லாம் அதோடு உட்கார வேண்டியிருக்கும். அந்த ஒரு சொல் எங்களுக்கு அவ்வளவு முக்கியம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை எழுத்துக்கூட்டி ‘ஹெய்ஃபர்’ என்றுதான் படித்துக்கொண்டிருந்தேன். கால்நடை மருத்துவர் ஒருவர்தான் ‘ஹெஃபர்’ என்று திருத்தினார்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளிப் பக்கம் பணியாற்றியபோது ஒரே தெருவில் மூன்று மொழி கேட்கும். கிடாரியைக் காட்டித் தெலுங்கு வீட்டார் ‘பெய்ய’ என்பார்கள்; கன்னட வீட்டார் ‘கடசு’ என்பார்கள். இந்த மூன்று மொழியிலும் இதற்கு ஒற்றைச் சொல் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் என்ற பகுதி, எருமை, மரை (ஒருவகை மான்), பெற்றம் (மாடு) ஆகியவற்றின் பெண்ணுக்கு ‘நாகு’ என்ற பெயரைச் சொல்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பள்ளிகளில் இந்தப் பிள்ளைகள் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். ‘உன் வீட்டில் இதற்கு என்ன பெயர்?’ என்று ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு ‘ஹெஃபர்’ என்று பலகையில் எழுதினால், அந்தச் சொல் பிறகு மறக்குமா?

தேர்வுத்தாள் வந்த அடுத்த ஞாயிறு பேத்தியைப் போச்சம்பள்ளிச் சந்தைக்கு அழைத்துப் போனேன். பட்டியல் ஒட்டிய நோட்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஆட்டுச் சந்தைப் பக்கம் போனதும் முதல் சிக்கல் வந்தது. நமக்கு ‘ஆடு’ என்பது பொதுப்பெயர். செம்மறி, வெள்ளாடு இரண்டும் அதில் அடங்கும். ஆங்கிலத்தில் ‘ஷீப்’ வேறு, ‘கோட்’ வேறு. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அன்றாடச் சொல் கிடையாது. எங்கள் பக்கம் வெள்ளாட்டில் பாதி கறுப்பு. நிறத்தை வைத்துப் பெயர் கண்டுபிடிக்க முடியாது. வாலைப் பார் என்று சொல்லிக் கொடுத்தேன். வால் மேலே தூக்கி நின்றால் வெள்ளாடு, தொங்கினால் செம்மறி. அவள் பத்து நிமிடத்தில் பிரித்துவிட்டாள்.

பிறகு கிடாவும் பெட்டையும். செம்மறிக் கிடா ‘ரேம்’, பெட்டை ‘யூ’, குட்டி ‘லேம்’. வெள்ளாட்டில் ‘பில்லி’, ‘நானி’ என்பவை பேச்சு வழக்கு, பண்ணைக்காரர்கள் ‘பக்’, ‘டோ’ என்று எழுதுவார்கள், குட்டி ‘கிட்’. கொம்பு இருப்பது கிடா என்று அவள் நினைத்திருந்தாள். அங்கே நின்ற மேச்சேரி ஆடுகளில் கிடாவுக்கும் கொம்பில்லை, பெட்டைக்கும் கொம்பில்லை. அந்த இனமே அப்படி. வியாபாரி ஒருவர், “பாப்பா, கீழே குனிந்து பார்” என்று சொல்லி வேறுபாட்டைக் காட்டினார். காயடித்த கிடாவும் அங்கே இருந்தது. அதற்கு ஆங்கிலத்தில் ‘வெதர்’. வானிலையைச் சொல்லும் சொல்லைப் போலவே ஒலிக்கும், எழுத்து வேறு. தங்கள் பட்டியலில் இந்த வகைச் சொல் எதுவும் இல்லை. ஆண், பெண் என்று இரண்டே பத்தி போட்டதால் காயடித்த விலங்கை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், எருதைக் கொண்டுபோய் ஆண் பத்தியில் சேர்த்திருக்கிறார்கள். விடைக்குறிப்பில் வந்த குழப்பமும் இங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். கால்நடைக் கணக்கெடுப்புப் படிவத்தில்கூட ஆண் மாடுகளை இனப்பெருக்கத்துக்கு எத்தனை, உழவுக்கும் வண்டிக்கும் எத்தனை என்று பிரித்துத்தான் கேட்பார்கள். பள்ளிப் பட்டியலுக்கு மட்டும் ஏன் அந்தப் பத்தி வேண்டாம்?

அந்த வியாபாரி ஒரு கிடாவின் உதட்டை விலக்கி “ரெண்டு பல்” என்றார். ஆட்டுக்கு வயது பல்லில்தான் இருக்கிறது. பல் போடாதது, இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடைசியில் எட்டும் முளைத்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் செம்மறி வளர்க்கிறவர்களும் இதே கணக்கில்தான் பேசுகிறார்கள். இரண்டு பல் ஆடு ‘டூ-டூத்’. இதில் ஓர் அழகு உண்டு. பல்லின் பன்மை ‘டீத்’; ஆனால் இரண்டு பல் ஆடுகள் பல நின்றால் அவை ‘டூ-டூத்ஸ்’. அங்கே பன்மை ஆட்டுக்குத்தானே, பல்லுக்கு இல்லை. பேத்தி இதை நோட்டில் எழுதிக் கீழே கோடு போட்டுக்கொண்டாள்.

பன்மையைப் பற்றிச் சொல்ல இன்னும் இருக்கிறது. ‘ஷீப்’ ஒன்றானாலும் நூறானாலும் ‘ஷீப்’தான், மானுக்கு ‘டியர்’ என்பதும் அப்படியே. பிள்ளைகளிடம் ‘இது விதிவிலக்கு, மனப்பாடம் செய்’ என்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. தமிழ்ப் பிள்ளைக்கு இது விதிவிலக்கே இல்லை. ‘நூறு ஆடு வாங்கினேன்’ என்றுதான் சந்தையில் யாரும் சொல்வார்கள். ‘நூறு ஆடுகள்’ என்பது செய்தித்தாள் நடை. ‘ஆடு மேய்ந்தது’ என்றால் ஒன்று, ‘ஆடு மேய்ந்தன’ என்றால் பல. பெயர் மாறவில்லை, வினை காட்டிக்கொடுக்கிறது. பால்பகா அஃறிணைப் பெயர் என்று நம் இலக்கணத்தில் இதற்குப் பெயரே உண்டு. அதே பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆங்கில வகுப்பில் ‘ஷீப் இஸ்’, ‘ஷீப் ஆர்’ என்று வரும்போது, ‘நீ தமிழில் செய்வதைத்தான் இங்கே செய்கிறான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அடுத்தது ‘கூஸ்’ என்ற வாத்தினம் ‘கீஸ்’ ஆவதும், ‘மவுஸ்’ என்ற எலி ‘மைஸ்’ ஆவதும், ‘லவுஸ்’ என்ற பேன் ‘லைஸ்’ ஆவதும். மிகப் பழைய காலத்தில் இந்தச் சொற்களின் பன்மை விகுதியில் ஓர் இகர ஒலி இருந்தது. அது தனக்கு முன்னால் நின்ற உயிரொலியைத் தன் பக்கம் இழுத்து மாற்றிவிட்டது. நாளடைவில் விகுதி தேய்ந்து மறைந்தது. மாறிய ஒலி மட்டும் தங்கிவிட்டது. இது கடினமான சங்கதி என்று ஒதுக்க வேண்டாம். நாம் ‘இலை’ என்று எழுதி ‘எலை’ என்று பேசுகிறோம். ‘குடம்’ என்று எழுதிக் ‘கொடம்’ என்கிறோம். பின்னால் வரும் ஒலி முன்னால் இருக்கும் ஒலியை இழுக்கிறது. திசை வேறாக இருக்கலாம், இழுக்கும் வேலை அதேதான். இதைச் சொன்னதும் பேத்தி தானாகவே ‘உடம்பு, ஒடம்பு’ என்று அடுத்த எடுத்துக்காட்டைக் கொடுத்தாள்.

‘ஆக்ஸ்’ பன்மையில் ‘ஆக்ஸன்’ ஆவது இன்னொரு பழைய விகுதி. முன்பு பல சொற்களுக்கு இருந்த அந்த ‘அன்’ ஒலி இன்று அன்றாடப் பேச்சில் ‘ஆக்ஸன்’, ‘சில்ட்ரன்’ போன்ற ஒன்றிரண்டு சொற்களில்தான் பிழைத்திருக்கிறது. கன்றைக் குறிக்கும் சொல்லும் ஓநாயைக் குறிக்கும் சொல்லும் பன்மையில் ‘ஃப்’ ஒலியை ‘வ்’ ஆக்கிக்கொள்ளும். இவற்றைத் தங்கள் பட்டியல் சரியாகவே தந்திருக்கிறது.

ஆனால் கீரிக்கு வந்தபோது தவறிவிட்டது. ‘மங்கூஸ்’ என்பதன் பன்மை ‘மங்கீஸ்’ என்று அச்சாகியிருக்கிறது. சரியான பன்மை ‘மங்கூஸஸ்’. காரணம், அந்தச் சொல்லுக்கும் ‘கூஸ்’ என்ற வாத்துக்கும் எந்த உறவும் இல்லை. மராத்தி வழியாக நம் நாட்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. தெலுங்கில் கீரிக்கு ‘முங்கிச’, கன்னடத்தில் ‘முங்குசி’. தளியில் ஒரு கன்னடப் பாட்டியம்மா வேலியோரம் ஓடிய கீரியைக் காட்டி “முங்குசி, முங்குசி” என்று கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல பிள்ளைகளுக்கு இது வீட்டுச் சொல். அவர்களிடமே அதற்குத் தவறான பன்மையைக் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

குதிரைக்குத் தந்த சொற்கள் குறைவு. ‘ஸ்டாலியன்’ பொலிகுதிரை, ‘மேர்’ பெண், ‘ஃபோல்’ குட்டி, குட்டியில் ஆண் ‘கோல்ட்’, பெண் ‘ஃபில்லி’, காயடித்தது ‘கெல்டிங்’. ஓசூரை அடுத்த மத்திகிரிப் பண்ணையில்தான் இவற்றை நான் கற்றேன். 1824-ல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம் அது. வீட்டில் குதிரை வளர்க்காத நமக்கு இவ்வளவு பெயர் தேவைப்படவில்லை.

யானையைப் பார்த்து என் பேத்தி குழம்பினாள். ஆண் யானைக்கு ‘புல்’, பெண் யானைக்கு ‘கவ்’, குட்டிக்கு ‘காஃப்’ என்று பட்டியல் சொல்கிறது. மாட்டின் பெயரையே யானைக்கு வைப்பார்களா என்று கேட்டாள். வைப்பார்கள், திமிங்கிலத்துக்கும் அதே பெயர்கள்தான். நாமும் யானைக் கன்று என்று சொல்லும்போது மாட்டுக்கன்றின் சொல்லையே எடுத்துக்கொள்கிறோம். தொல்காப்பியம் ஆண் யானைக்குச் சொல்லும் ‘களிறு’ என்ற பெயரை ஆண் பன்றிக்கும் சொல்லலாம் என்கிறது. பெண் யானைக்குப் ‘பிடி’. 2023 பிப்ரவரியில் எங்கள் பாலக்கோட்டுப் பகுதியில் ஒரு யானையைப் பிடித்துக் கொண்டுபோய் ஆனைமலைக் காட்டில் விட்டார்கள். எல்லா ஏடுகளும் அதை ‘மக்னா’ என்று எழுதின. தந்தம் இல்லாத ஆண் யானை என்று பொருள்; வடக்கிலிருந்து வந்த சொல்லை ஆங்கிலமும் எடுத்துக்கொண்டது, நாமும் எடுத்துக்கொண்டோம். கொம்பில்லாத மாட்டை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ‘மோழை’ என்பார்கள். மலையாளத்தில் தந்தமில்லாத ஆண் யானைக்கும் அந்தச் சொல்தான். அடுத்த முறை தங்கள் நிருபர் எழுதும்போது ஒரு முறையாவது ‘மோழை’ என்று எழுதினால் நான் மகிழ்வேன்.

மரபியலைப் பேத்தியோடு சேர்ந்து படித்ததில் அவளுக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. பெண் நரியைப் ‘பாட்டி’ என்று சொல்லலாம் என்பது ஒன்று, ஆங்கிலத்தில் ‘விக்ஸன்’. இன்னொன்று மயில். சிறகுள்ள பறவைகளின் ஆணைச் ‘சேவல்’ எனலாம், மயில் மட்டும் நீங்கலாக, என்று அந்த நூல் சொல்கிறது. ஆங்கிலமோ ஆண் மயிலின் பெயரிலேயே சேவலை வைத்துப் ‘பீகாக்’ என்கிறது, பெண் ‘பீஹென்’. இரண்டு மொழியும் மயிலின் முன் நின்று எதிரெதிர் முடிவெடுத்திருக்கின்றன. ‘கடுவன் பூனை’ என்ற சொல்லோ எங்கள் தெருவில் இன்றும் புழங்குகிறது. ஆங்கிலத்தில் அது ‘டாம்’.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் என் வேண்டுகோள் இது. மாணவர் பக்கத்தில் திருத்தம் வெளியிடும்போது ‘புல்லக்’ இருந்த இடத்தில் காயடித்த விலங்குக்குத் தனிப் பத்தி ஒன்று போடுங்கள். இன்னும் ஈனாத பெண்ணுக்கு ஒன்று போடுங்கள். ‘ஹெஃபர்’ அங்கே போகட்டும், முட்டைக்கு வரப்போகும் விடைக்கோழியைக் குறிக்கும் ‘புல்லட்’ என்ற சொல்லும் அங்கே வரட்டும். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பக்கத்தில் கிடாரி, பொலிகாளை, கிடா, பெட்டை என்று நம் சொல்லைத் தாருங்கள். ‘பெண் மாட்டுக் குட்டி’ என்று பொருள் எழுத வேண்டாம். பசுவின் ஆண்பாலுக்குக் ‘காளை’ என்ற பொருளில் எழுதும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் தர வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். விடைக்குறிப்பு தயாரிக்கிறவர்களும் தங்கள் ஏட்டைப் படிப்பார்கள்.

பேத்தி தன் நோட்டில் சந்தையில் கேட்ட சொற்களையும் சேர்த்து ஒரு பட்டியல் எழுதிவருகிறாள். இதுவரை ஐந்து பத்திகள், 17 விலங்குகள். கழுதைக்கும் முயலுக்கும் இன்னும் இடம் காலியாக இருக்கிறது; வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை வந்தால் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போவதாகத் திட்டம். தாங்கள் விரும்பினால் அந்தப் பக்கங்களை நகலெடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.